விட்டுப்போன என்ட்ரி

பி.காம். இரண்டாம் வருடம். அக்கவுன்ட்ஸ் சார் போர்டில் ஒரு டிரையல் பேலன்ஸைப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார்.

''டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆயிடுச்சு. கணக்கு சரிதானே?''

''சரி சார்!'' என்போம் கோரஸாக.

அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சிரிப்பார். ''ஒரு பில்லை நீ புஸ்தகத்துல ஏத்தவே இல்லைன்னு வெச்சுக்க. டெபிட்லயும் இல்லை, கிரெடிட்லயும் இல்லை. அப்பவும் டேலி ஆகும்டா! தப்பாக் கூட்டினதை ஒரு ராத்திரி உக்காந்தா கண்டுபிடிச்சிடலாம். எழுதாமவிட்டதை எங்கே போய்த் தேடுவே?''

அன்றைக்கு எனக்கு அது ஒரு பத்து மார்க் கேள்வி. அவ்வளவுதான். சென்ற மாதம் ஒரு மனநல மருத்துவரின் வெயிட்டிங் ஹாலில், மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சார் குரல் அப்படியே காதில் கேட்டது. (மனநல மருத்துவரின் வாசலில் உட்கார்ந்துகொண்டு 'காதில் குரல் கேட்டது' என்று எழுதுவது கொஞ்சம் ரிஸ்க்தான்!)

எனக்காகப் போகவில்லை. என் நண்பனின் மகனுக்காக. வயது 19. இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு நண்பன் போன் பண்ணினான்.

''பையன் ஒரு பிரச்னையும் பண்றதில்லடா.''

''நல்லதுதானே?''

''இல்லடா. எந்தப் பிரச்னையுமே பண்றதில்ல. அதான் பயமா இருக்கு.''

பையன் காலேஜுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. சண்டை இல்லை, சிகரெட் இல்லை, காதல் தோல்வி இல்லை. ரூமில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். போன் கையில் இருக்கிறது, ஆனால் பார்ப்பதில்லை. சனிக்கிழமை தவறாமல் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடும் பையன்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். குளிக்கச் சொன்னால் குளிக்கிறான். சொல்லாவிட்டால் இல்லை.

அப்புறம் நண்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ''ரெண்டு மூணு வாட்டி, 'ரோட்ல நடந்தா எல்லாரும் என்னைப் பத்திப் பேசற மாதிரி இருக்குப்பா'ன்னான். உடனே அவனே, 'எனக்கா அப்படித் தோணுதோ என்னவோ'ன்னும் சொல்லிட்டான்.''

ஊரில் எத்தனையோ டாக்டர்களும் சொந்தக்காரர்களும் இருக்க, அவன் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. என் சித்தி மகனை அவனுக்குத் தெரியும்.

மதுரையில் சித்தி வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்த தெரு. சித்தி மகனும் நானும் ஒரே வயது. நான் காமர்ஸ், அவன் பிஸிக்ஸ். எனக்குக் கிரிக்கெட் பார்க்கப் பிடிக்கும். அவனுக்குக் கிரிக்கெட்டை எழுதி வைக்கப் பிடிக்கும். லாங் சைஸ் நோட்டில், பேப்பரில் வரும் ஸ்கோர் கார்டுகளைக் கத்தரித்து ஒட்டுவான். பக்கத்தில் சிவப்பு மையில் அவனுடைய கமென்ட். 'அகார்கர் - தேவையில்லாத நோ பால்' என்கிற ரேஞ்சில் இருக்கும். பத்தாம் வகுப்பில் ஆரம்பித்து ஒரு மேட்ச் விட்டதில்லை. பேப்பர்காரன் வராத நாளில், சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வாங்கிவருவான்.

2001-ம் வருடம் மார்ச் மாதம். கொல்கத்தாவில் லக்ஷ்மண் 281 அடித்தாரே, அந்த டெஸ்ட். ஊரே டி.வி. முன்னால் இருந்தபோது, அவன் எழுந்துபோய் டி.வி. வயரைப் பிடுங்கினான். ''ஸ்கோருக்கு நடுவுல என் பேரைச் சொல்றாங்க'' என்றான். முகம் வெளிறியிருந்தது. அன்று ராத்திரி யாரையும் தூங்க விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டார்: ''குரல் கேக்குதா? யாராவது பின்னாலயே வர்றாங்களா? சாப்பாட்டுல ஏதாவது கலந்திருக்காங்கன்னு தோணுதா?'' எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டார். 'எத்தனை நாளா?' என்றார். ''நேத்துலேர்ந்துதான் சார். அதுவரைக்கும் தங்கமா இருந்தான்'' என்றார் சித்தப்பா.

பொய்யில்லை. சித்தப்பா மனதாரச் சொன்னார். டிரையல் பேலன்ஸ் டேலி!

மாத்திரை வேலை செய்தது. ஒன்றரை மாதத்தில் குரல்கள் போய்விட்டன. நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். பழைய பையன் திரும்பி வருவான் என்று காத்திருந்தோம். வரவில்லை. வந்தவன் அமைதியாகத் திண்ணையில் உட்கார்ந்தான். கூப்பிட்டால் எழுந்து வந்தான். சிரித்தால் பார்த்தான். அப்படியே 20 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

2012-ல் சித்தப்பா தவறினார். காரியமெல்லாம் முடிந்து பரணை ஒழித்தபோது அந்த நோட்டுகள் கிடைத்தன. கடைசி நோட்டைப் புரட்டினேன். 1999 உலகக் கோப்பை. மே 23, பிரிஸ்டல். அப்பா இறந்து ஊருக்குப் போய்த் திரும்பிய சச்சின், கென்யாவுக்கு எதிராக 140 நாட் அவுட் அடித்த மேட்ச். நேராக ஒட்டியிருந்தான். பக்கத்தில் சிவப்பு மை இல்லை. அடுத்த பக்கம் காலி. அதற்கடுத்ததும் காலி. கடைசி வரைக்கும் காலி.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மூன்றே நாள் கழித்து, மே 26-ம் தேதி, டான்டனில் இலங்கைக்கு எதிராக கங்குலி 183, திராவிட் 145. அன்றைய தேதிக்கு ஒரு நாள் போட்டிகளிலேயே மிகப் பெரிய பார்ட்னர்ஷிப். அந்த ஸ்கோர் கார்டை அவன் ஒட்டவில்லை. கத்தரிக்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'நேற்றிலிருந்து' என்று எழுதியிருந்த நோய்க்கு, அந்த நோட்டில் ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தின தேதி இருந்தது.

அந்த இரண்டு வருடம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது? சித்தப்பா 'சோம்பேறி' என்றார். சித்தி மந்திரித்த கயிறு கட்டினார். அவனுக்கு அரியர்ஸ் விழுந்தபோது காலேஜில் 'கவனக்குறைவு' என்றார்கள். நான்? ஒரு தீபாவளியன்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், ''என்ன மௌன சாமியாரே, எப்ப அருள்வாக்கு?'' என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தக் கதை தெரிந்ததால்தான் நண்பன் பதினொரு மணிக்கு எனக்கு போன் பண்ணினான். மறுநாளே பேசி அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம்.

பையன் வர மறுக்கவில்லை. காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். ''அங்கிள், நான் சைக்கோவா?'' நம் சினிமாக்காரர்கள் அந்த வார்த்தையைக் கத்தியும் கையுமாகவே காட்டிப் பழக்கிவிட்டார்கள். சைக்கோசிஸ் என்றால் கொலைவெறி இல்லை. எது நிஜம், எது தன் மனசு போடும் படம் என்கிற கோடு அழிந்துபோகிற நிலை, அவ்வளவுதான். இவனுக்கு அந்தக் கோடு அழியவில்லை. மங்கியிருக்கிறது. 'எனக்கா அப்படித் தோணுதோ' என்று அவனால் கேட்டுக்கொள்ள முடிகிறதே!

இப்படி விளிம்பில் நிற்பவர்களை முன்கூட்டியே கவனிக்கலாமே என்ற யோசனை வேகமெடுத்தது ஆஸ்திரேலியாவில். பேட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் ஆகியோர் மெல்போர்னில் 1994-ல் இவர்களுக்கென்றே ஒரு கிளினிக் ஆரம்பித்தார்கள். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மெக்கிளாஷன் குழு ஒரு விரிவான நேர்காணல் முறையைத் தயாரித்தது. விளிம்பில் இருப்பவர் என்று முடிவு செய்ய, பெரும்பாலும் 'யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது' வகையறாவைத்தான் பார்க்கிறார்கள். அவற்றுக்கு பாசிட்டிவ் சிம்ப்டம்ஸ் என்று பெயர். பாசிட்டிவ் என்றதும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கக் கூடாத ஒன்று வந்து சேர்வது பாசிட்டிவ். இருக்க வேண்டிய ஒன்று காணாமல் போவது நெகட்டிவ்.

அந்த நெகட்டிவ்களை ஐந்தாக வகுத்திருக்கிறார்கள். முகத்திலும் குரலிலும் உணர்ச்சி குறைவது. பேச்சு குறைவது. மனிதர்களிடமிருந்து விலகுவது. சந்தோஷம் தெரியாமல் போவது. எதையும் ஆரம்பிக்கிற உந்துதல் வற்றிப்போவது. இந்தக் கடைசிதான் நம் வீடுகளில் 'சோம்பேறித்தனம்' என்ற பெயரில் திட்டு வாங்குகிறது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பையன் வெளியே வந்தான். நண்பன் டாக்டரிடம் உள்ளே போனான். நானும் பையனும் எதிர்க் கடையில் டீ சாப்பிட்டோம்.

''என்னப்பா கேட்டாங்க?''

நான் பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனால், சொன்னான். மெதுவாக, ஒவ்வொன்றாக.

''குரல் கேக்குதான்னு கடைசியிலதான் கேட்டாங்க அங்கிள். முதல்ல, 'போன செவ்வாய்க்கிழமை காலையிலேர்ந்து என்ன பண்ணே'ன்னாங்க. ஒண்ணும் பண்ணலைன்னேன். 'சரி, ஒண்ணும் பண்ணாம எப்படி மதியம் ஆச்சு'ன்னாங்க.''

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. 25 வருடமாகப் பேட்டி எடுக்கிறேன், ஒருநாளும் எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

''அப்புறம்?''

''யாராவது உன்னைக் கூப்பிட்டாங்களா, நீ யாரையாவது கூப்பிட்டியான்னு தனித்தனியா கேட்டாங்க. 'கூப்பிடணும்னு தோணிச்சா, தோணியும் கூப்பிடலையா'ன்னும் கேட்டாங்க. அப்புறம் பிடிச்ச சாப்பாடு...''

''என்ன சொன்னே?''

''பிரியாணி. சாப்பிடும்போது பிடிச்சிருந்துதான்னாங்க. பிடிச்சுது. சாப்பிடறதுக்கு முன்னாடி ஆசையா இருந்துதான்னாங்க.'' கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்தான். ''இல்லை அங்கிள். வாயில போட்டா நல்லாத்தான் இருக்கு. போய் வாங்கணும்னு தோணலை.''

வாயில் போட்டால் நன்றாக இருக்கிறது, போகத் தோன்றவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம் செத்துப்போகவில்லை, அதை எதிர்பார்க்கிற சக்திதான் பழுதாகிறதோ என்பது அவர்கள் சந்தேகம். 2011-ல் வந்த ஓர் அளவுகோலில், 'உள்ளே விருப்பம் இருக்கிறதா' என்பதற்கும் 'வெளியே செய்தாரா' என்பதற்கும் தனித்தனி மார்க். அதற்கு முன்பும் அளவுகோல்கள் இருந்தன. 1980-களின் தொடக்கத்தில் நான்சி ஆண்ட்ரியாசென் அயோவாவில் நெகட்டிவ்களுக்கென்றே ஒன்று தயாரித்தார். 1987-ல் வந்த புகழ்பெற்ற 'பேன்ஸ்' அளவுகோலில் 30 அம்சங்களில் ஏழு நெகட்டிவ். ஆனால், அவையெல்லாம் நோய் முற்றி வெளிப்பட்டவர்களை மனதில் வைத்து உருவானவை. 17 வயதுப் பையனிடம் 'வேலையில் ஆர்வம் எப்படி' என்று கேட்டால்? அவனை எழுப்புவது அம்மா, அனுப்புவது ஸ்கூல் வேன், படிக்கச் சொல்வது டியூஷன் மாஸ்டர். உந்துதல் முழுக்க வாடகைக்கு எடுத்தது. சொந்த உந்துதல் வற்றியிருந்தால் யாருக்குத் தெரியும்? அதனால்தான் இந்த வயதுக்கும் இந்த நிலைமைக்கும் என்றே புதிய அளவுகோல்களை இப்போது உருவாக்கி வருகிறார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கிரிகரி ஸ்ட்ராஸ் குழு அதில் ஒன்று.

பிறகு டாக்டர் என்னையும் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார்.

''சார், பாசிட்டிவ் சிம்ப்டம் கதவைத் தட்டிட்டு வரும். நெகட்டிவ் சிம்ப்டம் வீட்டுல இருக்கிற சாமானை ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போகும். எப்ப போச்சுன்னே தெரியாது. அதைவிடக் கஷ்டம், எடுத்துட்டுப் போறது எந்தத் திருடன்னு கண்டுபிடிக்கிறது.''

விரல்விட்டு எண்ணினார். டிப்ரஷன் இருந்தாலும் பையன் இப்படித்தான் இருப்பான். விளிம்பில் இருப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கிறது. கூச்சம் அதிகமிருந்தாலும் இப்படித்தான். கஞ்சா இழுத்தாலும் இப்படித்தான். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவரென்றால் மாத்திரையாலும் முகம் மரத்துப்போகலாம். 'ரோட்டில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்ற பயத்தால் வெளியே போகாமலிருந்தால், அது விருப்பம் வற்றியதல்ல, பயம். பயத்தைக் குறைத்தால் தானாக வெளியே போவான்.

''ஒரு பொண்ணு வந்தா. ஃப்ரெண்ட்ஸ் கிடையாது, வெளியே போறதில்லைன்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. விசாரிச்சா, பிளஸ் டூ முடிச்சதிலேர்ந்து வீட்டைவிட்டு அனுப்பறதே இல்லை. அந்தப் பொண்ணுக்கு நான் மார்க் போடறதா, அந்த அப்பாவுக்குப் போடறதா?''

முகம் பற்றிக் கேட்டேன். இவன் முகத்தில் ஒன்றுமே தெரிவதில்லையே?

''உங்க முன்னாடி தெரியாது. பெரியவங்க முன்னாடி பல்லைக் காட்டாதேன்னுதானே வளக்கறோம்? அதனாலதான் அப்பாவை வெளிய அனுப்பிட்டு கால் மணி நேரம் சினிமா பேசினேன். ஒரு இடத்துல சிரிச்சான். லேசா. நான் குறிச்சு வெச்சிருக்கேன்.''

நண்பன் அடக்க முடியாமல் கேட்டுவிட்டான். ''டாக்டர், வருமா வராதா?''

''தெரியாது'' என்றார் டாக்டர். அப்படி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. ''உங்க பையன் மாதிரி விளிம்புல இருக்கிற நாலு பேர்ல ஒருத்தருக்கு, மூணு வருஷத்துல முழுசா வரலாம். மூணு பேருக்கு வராது. அதனால இதுக்கு நான் இப்ப வியாதின்னு பேர் வெக்க மாட்டேன். வெச்சா, உங்க வீட்டுல அந்தப் பேரைத்தான் வளப்பீங்க.''

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் 2013-ல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இந்த விளிம்பு நிலையைப் பிரதான பட்டியலில் சேர்க்காமல் 'மேலும் ஆராய வேண்டியவை' பகுதியில் வைத்தது. சைக்கோசிஸ் மாத்திரையை இந்தக் கட்டத்தில் எடுத்தவுடன் கொடுக்கக் கூடாது, பேச்சு சிகிச்சைதான் முதலில் என்பது பிரிட்டனின் 2014 வழிகாட்டுதல். நெகட்டிவ்களுக்கு நம்பிச் சாப்பிடலாம் என்கிற மாத்திரை இன்னும் இல்லை. நண்பன் மருந்துச் சீட்டு இல்லாமல் வெளியே வந்ததில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தான். ஆயிரம் ரூபாய் ஃபீஸ் கொடுத்திருக்கிறானே!

கிளம்பும்போது டாக்டர் கேட்டதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ''எப்பவுமே இப்படியா, இப்படி ஆனானா? ஆனான்னா, எப்பலேர்ந்து? சும்மா ஞாபகத்துலேர்ந்து சொல்லாதீங்க. கிரிக்கெட் பேட்டைக் கடைசியா எப்ப எடுத்தான், போட்டோ கடைசியா எப்ப எடுத்தான், வாட்ஸ்-அப்ல அவனா முதல்ல 'ஹாய்' போட்டது எப்ப... தேதி கொண்டுவாங்க.''

எனக்கு அந்த லாங் சைஸ் நோட்டு கண்ணில் தெரிந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாரதா மேனன் 1984-ல் ஆரம்பித்த ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியல் நகர மருத்துவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். விளிம்பில் நிற்பவர்களை அல்ல, முதல் முறையாக சைக்கோசிஸ் வந்தவர்களை எடுத்துக்கொண்டு, சென்னையிலும் மான்ட்ரியலிலும் ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்து, இரண்டு வருடம் கவனித்தார்கள். முடிவு 2020-ல் வெளியானது. குரல், பிரமை எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்திருந்தன. நெகட்டிவ் விஷயத்தில் மட்டும் சென்னைக்காரர்கள் முந்தியிருந்தார்கள். சிகிச்சையில் குடும்பம் கூடவே நின்றதும் சென்னையில்தான் அதிகம். சாப்பிட எழுப்பி, துணி மடிக்கச் சொல்லி, கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற நம் நச்சரிப்பு, காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். நம் குடும்பங்களைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் ஒன்றும் இல்லை. 'மௌன சாமியார்' என்று சிரித்ததும் அதே குடும்பம்தான். ஆனாலும், இதைப் படித்த அன்று சித்தியை நினைத்துக்கொண்டேன். 24 வருடமாகத் தினமும் காலையில் அவனைத்தான் பால் வாங்க அனுப்புகிறார். பாக்கெட் பால் வீட்டுக்கே வருகிற தெரு அது. ''எதுக்கு சித்தி?'' என்று ஒருமுறை கேட்டேன். ''அவன் போய்ட்டு வரணும்ல?'' என்றார்.

நண்பன் மகன் இப்போது வாரம் ஒருமுறை டாக்டரிடம் போகிறான். காலேஜுக்கு இன்னும் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு முடிவெட்டப் போனானாம். நண்பன் அதற்கு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் பண்ணினான். இந்தக் கட்டுரையை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். ''காலேஜ் பேர் போடாதீங்க அங்கிள். பிரியாணி போடலாம்'' என்றான்.

இதை எழுதுவதற்கு முன் மதுரைக்குப் போனேன். சித்தி வீட்டுத் திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்தான். முன் தலையில் முடி கொட்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

''டேய், தொண்ணூத்தொம்பது வேர்ல்டு கப்ல டான்டன் மேட்ச் ஏன்டா ஒட்டலை?''

ஒரு ஷேர் ஆட்டோ போனது. ஒரு ஐஸ் வண்டி போனது. பதில் வராது என்று நினைத்தேன்.

''கோந்து தீந்துபோச்சு.''

உள்ளேயிருந்து சித்தி குரல். ''அடப்பாவி, சொல்லியிருந்தா வாங்கித் தந்திருப்பேனேடா!''

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். காபி குடித்து, சித்தியிடம் சொல்லிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து மெதுவாக வந்தது.

''முந்நூத்திப் பதினெட்டு.''

''என்னடா?''

''பார்ட்னர்ஷிப்.''